'உண்டு' என்று எழுதினால் போதாது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்து ஒரு வேலை விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். என்னுடையது அல்ல. திருச்சியில் அரசு விடுதி ஒன்றில் தங்கி முதுகலை முடித்த ஒரு தங்கையுடையது. குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலை. விண்ணப்பத்தோடு தனியாக ஒரு தாள் வைத்திருந்தார்கள். தலைப்பு 'தேர்வுக்கான அளவுகோல்கள்'. குழுவாகச் செயல்படும் திறன், தலைமைப் பண்பு, நெருக்கடியைக் கையாண்ட அனுபவம், அரசு அலுவலகங்களோடு தொடர்புகொள்ளும் திறன், அறிக்கை எழுதும் திறன் என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே கால் பக்கம் காலி இடம்.

அவள் நிரப்பியிருந்தாள். குழுத் திறன்: உண்டு. தலைமைப் பண்பு: உண்டு. நெருக்கடி: அனுபவம் இல்லை. அரசு அலுவலகத் தொடர்பு: இல்லை. அறிக்கை: சுமாராக எழுதுவேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. "போன வருஷம் உங்க விடுதியில எத்தன நாள் தண்ணி வரல?" என்று கேட்டேன்.

"பதினோரு நாளுக்கா. மோட்டார் எரிஞ்சு போச்சு."

"மனு எழுதுனது யாரு?"

"நாந்தான்."

"கலெக்டர் ஆபீசுக்கு எத்தன பேரு போனீங்க?"

"நாப்பது பேரு. திங்கக்கெழம குறைதீர்க்கும் நாள்ல போய் நின்னோம். லாரித் தண்ணி எந்தெந்த நாள் வந்துச்சு, எத்தன கொடம் வந்துச்சுன்னு நோட்டுல எழுதி வச்சிருந்தேன். அதக் காட்டுன பெறகுதான் அந்த அம்மா நம்புனாங்க. மூணாம் நாள் புது மோட்டார் போட்டாங்க."

"அப்புறம் ஏன் அனுபவம் இல்லன்னு எழுதியிருக்க?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான குழப்பம் இருந்தது. "அதெல்லாம் அனுபவமாக்கா? அது பிரச்சனதான?"

தோழர்களே, இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். கல்லூரி ஆண்டு விழாவில் மைக் பிடித்த பையன் அதைத் 'தலைமைப் பண்பு' என்று எழுதக் கற்றிருக்கிறான். யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அப்பாவோ மாமாவோ. நாற்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன பெண் அதைத் 'தொல்லை' என்று நினைத்து மறக்கப் பார்க்கிறாள். நம் வீடுகளில் மனு எழுதாத ஆள் யார்? பட்டா மனு, சுடுகாட்டுப் பாதை மனு, தெருவிளக்கு மனு. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் வட்டாட்சியர் அலுவலகத்தில் எந்த மேசையில் எந்தக் கோப்பு கிடக்கும் என்று தெரிந்துகொண்டுவிடுகிறார்கள். அதற்குப் பெயர் வைக்கத்தான் தெரியவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு காலத்தில் 'உண்டு', 'உண்டு' என்று எழுதியவள்தான்.

இருபது வருடங்களுக்கு முன்னால் திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் அலுவலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். தட்டச்சுத் தெரியுமா என்ற கட்டத்தில் 'தெரியும்' என்று எழுதினேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேறிய சான்றிதழ் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. நகல் இணைக்கவில்லை. முன் அனுபவம் கேட்ட இடத்தில் கோடு போட்டுவிட்டேன். இரண்டு வருடம் எங்கள் ஊர் அறிவொளி வகுப்பில் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது எனக்கு நினைவுக்கே வரவில்லை. நேர்முகத்தில் ஒரு பெரியவர் நன்றாகத்தான் பேசினார். லால்குடிப் பக்கம் என்றதும் முகம் மலர்ந்தது. "அப்படியா, எந்த ஊர்?" சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?"

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். இங்கே உத்திர வீதியா சித்திரை வீதியா என்பது வெறும் முகவரி அல்ல. கோயிலிலிருந்து எத்தனை மதில் தள்ளி உன் வீடு என்பதுதான் கேள்வி. எங்கள் ஊரில் மதில் இல்லை. ஊர் என்றால் அவர்கள், காலனி என்றால் நாங்கள். நான் "காலனி" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அதற்குப் பிறகு தட்டச்சு பற்றி ஒரு கேள்வியும் இல்லை. (அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. பேனாவை மூடுகிறவர்கள் வேறு சொல் கண்டுபிடிப்பார்கள் என்பது என் அனுபவம்.)

வேலை கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து இயக்கத்தில் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் இதைச் சொல்லி அழுதேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "எல்லாக் கட்டத்தையும் நிரப்புனியாம்மா?" என்று கேட்டார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம். அடிபட்டவளிடம் செருப்பு ஒழுங்காகப் போட்டிருந்தாயா என்று கேட்பது போல இருந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார்: "உன்ன ஏன் எடுக்கலன்னு கேட்டா, சான்றிதழ் இல்ல, அனுபவம் இல்லன்னு சொல்லிட்டுப் போயிடுவான். உன் தாளே அவனுக்குச் சாட்சி சொல்லும்." அவர் சொன்னது உறைக்கப் பல வருடம் ஆனது. உறைக்க வைத்தது இதே ஸ்ரீரங்கமும், பக்கத்தில் இருக்கும் வயலூரும்.

அம்மா மண்டபச் சாலையில் நேராக நடந்தால் ராஜகோபுரம். 236 அடி. அதற்கு எதிரே பெரியார் சிலை. 2006 டிசம்பரில் திறப்பதற்கு முன்பே அதன் தலையை உடைத்தார்கள், பிறகும் திறந்தார்கள். இந்த ஊரில்தான் இந்து சமய அறநிலையத் துறையின் வைணவ அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருக்கிறது. வேலைக்கான தகுதி என்றால் என்ன, அதை யார் எழுதுவது, எழுதியதை நிறைவேற்றியவனுக்கு என்ன நடக்கும் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் இல்லை.

இந்த யோசனை பழையது. 1936-இல் லாகூரில் பேச விடாமல் தடுக்கப்பட்டு, அண்ணல் அம்பேத்கர் தானே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அர்ச்சகர் வேலையைப் பற்றி ஒரு திட்டம் இருக்கிறது. பரம்பரை உரிமை கூடாது. இந்து என்று சொல்லிக்கொள்ளும் எவரும் வரலாம். அரசு தேர்வு வைக்க வேண்டும். தேறியவருக்கு அரசு உரிமச் சான்று கொடுக்க வேண்டும். மற்ற அரசு ஊழியர் போல அவரும் ஒழுங்கு விதிகளுக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும். வைத்தியருக்கும் வழக்கறிஞருக்கும் தேர்ச்சி கேட்கிறோம், பூசாரிக்கு மட்டும் பிறப்பு போதுமா என்பது அவர் வாதம். அர்ச்சகர் பதவியை அவர் ஒரு வேலையாகப் பார்த்தார். வேலை என்றால் அளவுகோல் வேண்டும், அது எழுத்தில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1970-இல் கலைஞர் அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிச் சட்டம் கொண்டுவந்தது. 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. அர்ச்சகரை நியமிப்பது மதம் சாராத செயல், மகன் என்பதற்காக மகனுக்குத் தர வேண்டியதில்லை என்றது. ஆனால் ஆகமம் சொல்கிறவர்தான் மூலவரைத் தொட முடியும் என்ற வாசலையும் திறந்தே வைத்தது. அந்த வாசல் வழியாகத்தான் பிறகு எல்லா வழக்கும் வந்தது.

2006 மே 23 அரசாணை தகுதியுள்ள இந்து எவரும் அர்ச்சகராகலாம் என்றது. நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் குழு அமைத்தார்கள். மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலையில் சைவப் பள்ளிகள், ஸ்ரீரங்கத்திலும் திருவல்லிக்கேணியிலும் வைணவப் பள்ளிகள். இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் 2008-இல் பயிற்சி முடித்தார்கள். மந்திரம் கற்றார்கள், பிரபந்தம் கற்றார்கள், தீட்சை பெற்றார்கள். விளம்பரத்தில் கேட்ட ஒவ்வொரு தகுதிக்கும் அவர்கள் கையில் தாள் இருந்தது. வேலை மட்டும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடந்தது. 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: ஆகமப்படி நியமிக்கலாம், ஆனால் ஒருவரைச் சேர்ப்பதும் விலக்குவதும் சாதி, பிறப்பு போன்ற அரசமைப்பு ஏற்காத அளவுகோல்களின் மேல் இருக்கக் கூடாது. அதே சமயம் 2006 அரசாணை பொதுவாகச் செல்லும் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு கோயிலிலும் ஒவ்வொரு நியமனத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று முடித்தது.

2018-இல் மதுரையில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. பிறகு 2021 ஆகஸ்ட் 14. மயிலாப்பூரில் 58 பேருக்கு நியமன ஆணை தரப்பட்டது. அவர்களில் 24 பேர் இந்தப் பள்ளிகளில் பயின்று 13 வருடம் காத்திருந்தவர்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அந்த 24 பேரில் இரண்டு பேர் வந்து சேர்ந்தது நம் திருச்சிக்குப் பக்கத்தில் குமாரவயலூர் முருகன் கோயிலுக்கு. அன்றைக்கு எங்கள் தெருவில் சர்க்கரை வாங்கி எல்லோர் வாயிலும் போட்டோம். கோயிலுக்கே போகாத நானும் போட்டேன்.

2023-இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு தனி நீதிபதி வயலூர் நியமனங்கள் இரண்டையும் ரத்து செய்தார். அந்தக் கோயில் காமிக ஆகமப்படி நடப்பது, அங்கே ஆகமம் சொல்கிறவர்கள்தான் வர முடியும் என்பது காரணம். பயிற்சிச் சான்றிதழ் என்ற தாள் முன்னால் வைக்கப்பட்டபோது, விளம்பரத்தில் முதல் வரியாக இல்லாத அளவுகோல் வெளியே வந்து நின்றது. அதே வருடம் ஜூனில் சென்னையில் இன்னொரு நீதிபதி, சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில், ஆகமத்தில் தேர்ச்சி இருந்தால் போதும், அர்ச்சகர் நியமனத்தில் சாதிக்கு எந்த வேலையும் இல்லை என்று தீர்ப்பளித்தார். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இருக்கிற நிலையே தொடரட்டும் என்றது. அதே செப்டம்பரில் நம் ஸ்ரீரங்கம் பள்ளியில் படித்த மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கினார்கள். மூன்று தங்கைகள், கையில் மூன்று தாள்கள்.

இங்கே சிலர் கேட்பீர்கள், பவுத்தம் தழுவிய அம்பேத்கரின் பிள்ளைகளுக்குக் கருவறை எதற்கு என்று. நியாயமான கேள்வி. எனக்கும் உள்ளே போக ஆசை கிடையாது. ஆனால் அது அரசு விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கும் வேலை. அரசமைப்பின் 16-ஆம் கூறு அரசு வேலையில் சாதி, பால், வம்சாவளி, பிறந்த இடம், குடியிருக்கும் இடம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. 'வம்சாவளி' என்ற சொல் 15-ஆம் கூறில் இல்லை, 16-இல்தான் இருக்கிறது. மத நிறுவனப் பதவிகளுக்கு விதிவிலக்கு உண்டு, அதிலும் குறிப்பிட்ட மதத்தவராக, மதப்பிரிவினராக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கலாம் என்றுதான் இருக்கிறது. சாதி என்ற சொல் அங்கே இல்லை. சண்டை அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இந்தப் படித்துறையில் உட்கார்ந்தால் இன்னொருவர் ஞாபகம் வரும். உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார். ஆற்றின் தென்கரையில் நின்று பாடியவரைக் கல்லால் அடித்தவர், பிறகு பெருமாள் கட்டளைப்படி அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனார் என்பது மரபு. இன்றும் ஸ்ரீரங்கத்தில் அந்தக் கதையை உருகி உருகிச் சொல்வார்கள். நான் சின்ன வயதில் நம்பினேன். இப்போது எனக்குத் தோன்றுவது: ஒருத்தருக்கு அற்புதம் நடந்தது, தெருவில் மற்றவர்கள் அந்தக் கரையிலேயே நின்றார்கள். அற்புதத்துக்கு மேல்முறையீடு செய்ய முடியாது. விண்ணப்பத்துக்கு முடியும்.

அந்த வழக்கறிஞர் சொன்னதும் இதுதான். எழுதிய அளவுகோல் ஒவ்வொன்றுக்கும் நீ எழுத்தில், சான்றோடு பதில் சொல்லிவிட்டால், எழுதாத அளவுகோல் ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் போகும். அந்த 24 பேர் தோற்கவில்லை. ஆகமம் படித்தவன் வேறு, ஆகமம் ஒப்புக்கொள்ளும் பிறப்பு வேறு என்று எதிர்த் தரப்பை நீதிமன்றத்தில் வாய்விட்டுச் சொல்ல வைத்தது அவர்கள் கையில் இருந்த சான்றிதழ்தான். என் வழக்கில் எனக்கு அது இல்லை. தனியார் நிறுவனம் என்பதால் 16-ஆம் கூறும் உதவாது. 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எல்லோருக்கும் திறந்த ஒரு வேலையைப் பட்டியல் சாதியினர் செய்ய விடாமல் தடுப்பதும் குற்றம். நல்ல பிரிவு. அதற்கும் முதலில் நான் தகுதியானவள் என்ற தாள் வேண்டும்.

எழுதப்பட்டதெல்லாம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்றால் இந்து என்று எழுதியது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பவுத்தரையும் சேர்த்தது. கிறித்தவத் தலித்தை இன்றும் வெளியே வைத்திருக்கிறது. திருச்சியில் எத்தனை வீடுகளில் அண்ணனுக்கு ஒரு சாதிச் சான்றிதழ், மதம் மாறிய சித்தப்பா மகளுக்கு வேறு சான்றிதழ் என்று இருக்கிறது! அந்த வரியை மாற்றப் போராடுவோம். போராடும்வரை, இருக்கிற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

காலியாக விடும் கட்டங்களில் முதலிடம் தமிழ்வழிக் கல்விக்கு. 2010 சட்டப்படி தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமை. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணிக்குரிய தகுதிவரை பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும், ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழ் வாங்க வேண்டும். நம் பிள்ளைகளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்தவர்கள்தான் இதற்கு முழுத் தகுதி உடையவர்கள். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளிக்கு ஓடுகிறவர்களும் அவர்கள்தான். தலைமையாசிரியர் விடுப்பில் இருப்பார். அறிவிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள், இந்தக் கோடை விடுமுறைக்கு முன் வாங்கி வையுங்கள். அரசு வேலையில் நிராகரித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு உங்கள் மதிப்பெண், தேர்வான கடைசி நபரின் மதிப்பெண், தேர்வுக் குழு வைத்த அளவுகோல் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'தகுதியானவர் எவரும் இல்லை' என்று எழுதி ஒதுக்கீட்டு இடத்தைக் காலியாக வைக்கும் பல்கலைக்கழகங்களை நாம் பிடிப்பது இந்தக் கேள்வியால்தான்.

சரி, படித்துறைக்கு வருகிறேன். இருட்டத் தொடங்கியிருந்தது. 'உண்டு' என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடிக்கச் சொன்னேன். "கேக்குறவங்க உன் குணத்தக் கேக்கல. நீ செஞ்சத கேக்குறாங்க. எப்ப, எங்க, எத்தன பேரு, என்ன பண்ணுன, என்ன ஆச்சு. அஞ்சையும் எழுது" என்றேன். நெருக்கடி என்ற கட்டத்தில் அவள் இப்படி எழுதினாள்: 'விடுதியில் மோட்டார் பழுதாகி 11 நாட்கள் தண்ணீர் இல்லை. அறை வாரியாக மாணவிகளைப் பிரித்து லாரித் தண்ணீரைச் சமமாகப் பங்கிட்டேன். நாள்தோறும் வந்த தண்ணீரின் அளவைப் பதிவு செய்தேன். அந்தப் பதிவோடு 40 மாணவிகளை அழைத்துச் சென்று ஆட்சியர் அலுவலகத்தில் மனு அளித்தேன். மூன்றாம் நாள் புதிய மோட்டார் பொருத்தப்பட்டது.'

படித்துவிட்டு அவளே கொஞ்ச நேரம் பேசவில்லை. "யாரோ பெரிய ஆளு மாதிரி இருக்குக்கா" என்றாள்.

"பொய் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப மனுவோட நகலையும் அந்த நோட்டோட ஒரு பக்கத்தையும் சேர்த்து வை."

ஒன்று சொல்ல மறந்தேன். விடுதிப் போராட்டத்தை எழுதினால் 'கலகக்காரி' என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று அவள் பயந்தாள். அந்தப் பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். சில இடங்களில் ஒதுக்குவார்கள். அதனால் 'போராட்டம்' என்ற சொல்லை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதினோம். இது சமரசம்தான். எனக்கு முழு சம்மதம் இல்லை, வேலை வேண்டியது அவளுக்கு, முடிவு அவளுடையது.

அரசு அலுவலகத் தொடர்பு என்ற கட்டத்துக்கு வந்தோம். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் விதவை உதவித்தொகை, தம்பியின் கல்வி உதவித்தொகை என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்து அந்த வீட்டின் எழுத்தர் அவள்தான். கைப்பேசி வெளிச்சத்தில் எழுதிக்கொண்டே வந்தவள் தலையைத் தூக்கினாள்.

"அக்கா, எடம் பத்தல. பின்பக்கம் எழுதலாமா?"